சவுண்ட் பாத்: படுத்து ஓய்வெடுக்கலாம், நோய் தீரும்னு நம்பலாமா?

மங்கலான விளக்கு. யோகா மேட்டில் வரிசையாக மல்லாந்து படுத்திருக்கும் இருபது பேர். நடுவில் ஒருவர் உலோகக் கிண்ணத்தின் விளிம்பில் மரக்கட்டையைச் சுழற்றுகிறார்; பின்னால் தொங்கும் பெரிய காங்கை மெதுவாகத் தட்டுகிறார். ஒரு மணி நேரம் இதேதான். பெயர் 'சவுண்ட் பாத்'. குளியல்னு பெயரே தவிர, தண்ணி கிடையாது.

சென்னை, பெங்களூரில் வார இறுதி ஆனால் இந்த ரீல்ஸ் வரிசை கட்டுகிறது. ஐடி கம்பெனிகள் ஊழியர்களுக்காகவே ஏற்பாடு செய்கின்றன. பல இடங்களில் டிக்கெட் ஆயிரம் ரூபாயைத் தாண்டும். போய்வந்தவர்கள் பெரும்பாலும் சொல்வது: "செம ரிலாக்ஸா இருந்துச்சு." அதில் சந்தேகமே வேண்டாம். பிரச்னை போஸ்டரில் இருக்கிறது. 'பிபி குறையும், டிப்ரஷன் போகும், செல்கள் புதுப்பிக்கப்படும்' என்று அது அடுக்கும்போதுதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டியிருக்கிறது.

அந்த 'உம்ம்ம்' எப்படி வருகிறது?

மந்திரம் இல்லை, பிளஸ் டூ பிசிக்ஸ்தான். கிண்ணம் செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலம். விளிம்பில் கட்டை உரசும்போது ஒட்டி, நழுவி, மறுபடி ஒட்டுகிறது. வயலின் வில்லும் கம்பியும் செய்கிற அதே வேலை. கையால் அடித்துச் செய்த கிண்ணம் முழு வட்டமாக இருக்காது. அதனால் மிக நெருக்கமான இரண்டு அதிர்வெண்கள் சேர்ந்து ஒலிக்கின்றன. ஒலி ஏறி இறங்கி அலைமோதுவது அதனால்தான். பாடப்புத்தகத்தில் இதற்கு 'விம்மல்' என்று பெயர். கேட்டவுடன் மனசு அடங்குகிற ஒரு விஷயத்துக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ப் பெயர் கிடைக்காது.

'பல்லாயிரம் ஆண்டு திபெத்திய ரகசியம்' என்ற விளம்பரத்துக்குத்தான் ஆதாரம் இல்லை. இமயமலைப் பக்கத்துக் கிண்ணங்கள் பழையவை, அது உண்மை. ஆனால் இந்தப் பாணியில் வாசிப்பது மேற்குலகில் பிரபலமானதற்கு முக்கியக் காரணம், ஹென்றி உல்ஃப், நான்சி ஹென்னிங்ஸ் இருவரும் 1972-ல் வெளியிட்ட 'திபெத்தன் பெல்ஸ்' இசைத்தட்டு. ஐம்பது வயதைத் தாண்டிய பழக்கம், அவ்வளவுதான்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

விளம்பரங்களில் அதிகம் காட்டப்படுவது 2017-ல் வெளியான அமெரிக்க ஆய்வு. சிங்கிங் பவுல் தியானத்தில் 62 பேர் கலந்துகொண்டார்கள். பதற்றமும் கோபமும் சோர்வும் குறைந்ததாகச் சொன்னார்கள். நல்ல செய்திதான். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அதில் இல்லை. அதே அறையில் ஒரு மணி நேரம் போனை ஆஃப் பண்ணிவிட்டுச் சும்மா படுத்திருந்தாலும் அதே பலன் கிடைத்திருக்குமோ என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது.

2014-ல் வந்த இன்னொரு ஆய்வு கொஞ்சம் மேல். 51 பேரை, ஒருமுறை கிண்ண ஒலியோடும் ஒருமுறை அமைதியோடும் தளர்வுப் பயிற்சி செய்யவைத்தார்கள். ஒலி கேட்ட நாளில் ரத்த அழுத்தமும் இதயத்துடிப்பும் கூடுதலாகக் குறைந்தன. அந்த அமர்வுக்கு அது சரி. மாதக்கணக்கில் பிபி கட்டுக்குள் இருக்கும் என்று இதிலிருந்து சொல்ல முடியாது.

2020-ல் எல்லா ஆய்வுகளையும் தேடித் திரட்டிய ஒரு மதிப்பாய்வுக்குச் சிக்கியவை மொத்தம் நான்கே நான்கு. நம்பிக்கை தருகிறது, ஆனால் சிகிச்சையாகப் பரிந்துரைக்க இது போதாது என்பதுதான் அதன் முடிவு.

என் கருத்து இதுதான்: சவுண்ட் பாத்தை ஓய்வு என்று சொல்லி விற்கட்டும். ஓய்வுக்குக் காசு கொடுப்பதில் வெட்கமோ தப்போ இல்லை. 'குணமாகும்' என்ற சொல் வரும் இடத்தில் கோடு போட வேண்டும். புற்றுநோய், நீரிழிவு, ரத்த அழுத்தம் எல்லாம் தீரும் என்று மருந்துக்கும் தாயத்துக்கும் விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. தாயத்துக்கு வைத்த அளவுகோலை வெண்கலக் கிண்ணத்துக்கும் நாமே வைத்துக்கொள்ளலாமே? தூக்கம் வராமல் தவிக்கிற ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டு மேட்டை விரித்தால், நஷ்டம் டிக்கெட் காசோடு நிற்காது.

விருத்தாசலத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. கடலூர் மாவட்டத்தின் இந்த ஊர் பீங்கானுக்குப் பேர்போனது. செராமிக் தொழிற்பேட்டை இருக்கிறது. அந்தத் தொழிலைச் சொல்லித்தர அரசு கல்வி நிறுவனமும் இருக்கிறது. இங்கே சூளை வேலை தெரிந்த யாரிடம் கேட்டாலும் ஒரு விஷயம் சொல்வார்கள்: நன்றாக வெந்த பீங்கானைச் சுண்டினால் 'டிங்' என்னும்; விரிசல் இருந்தால் 'டொக்' என்னும். பொருளின் தரத்தைக் காதால் சோதிக்கிற ஊர் இது.

பீங்கான் கிண்ணத்திலிருந்து இசை எடுப்பதும் நமக்குப் புதுசு இல்லை. ஜலதரங்கம் அதுதானே? கிண்ணங்களை வரிசையாக அடுக்கி, தண்ணீரைக் கூட்டிக் குறைத்துச் சுருதி சேர்த்து, குச்சியால் தட்டுவது. தண்ணீர் கூடினால் சுருதி இறங்கும். சீதா துரைசாமி (1926–2013) இதில் முழுக் கச்சேரியே செய்தவர். இன்று ஜலதரங்கம் வாசிப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

காங்கும் அப்படித்தான். நம் ஊர் சேமக்கலம் வேறென்ன? வெண்கலத் தட்டு, மரக்கட்டை, கூடவே சங்கு. மார்கழி பஜனையிலும் ஒலிக்கும், சாவு வீட்டிலும் ஒலிக்கும். தெருவில் அதைத் தட்டுபவருக்குக் கையில் வைப்பது சில நூறு. கண்ணாடி அறைக்குள் அதே ஒலிக்குத் தலைக்கு ஆயிரம். ஒலி மாறவில்லை. யார் தட்டுகிறார், யார் கேட்கிறார் என்பதுதான் மாறியிருக்கிறது.

வேறு வழியும் உண்டு. புதுச்சேரி பக்கத்தில் ஆரோவில்லில் இருக்கும் 'ஸ்வரம்' 2003-ல் தொடங்கியது. சுற்றியுள்ள கிராமத்து இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஒலிக்கருவிகளை இங்கேயே செய்கிறது. விருத்தாசலம் ஏன் அடுத்து யோசிக்கக் கூடாது? சுருதி பார்த்துச் சுட்ட ஜலதரங்கக் கிண்ண செட் ஒன்றை இசைக் கல்லூரிகளும் செராமிக் மாணவர்களும் சேர்ந்து செய்யலாம். வெண்கலம் மாதிரி பீங்கான் நீண்ட நேரம் ரீங்கரிக்காது. அதன் ஒலி சின்னது, தெளிவானது. அந்த ஒலிக்கும் கேட்க ஆள் இருக்கும்.

போகலாம்னு இருக்கீங்களா?

தாராளமா போங்க. மூன்று விஷயம் மட்டும் மனசில் வையுங்கள். வலிப்பு, காதிரைச்சல் உள்ளவர்களும் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். காங்கிலிருந்து கொஞ்சம் தள்ளிப் படுங்கள், அது எதிர்பார்ப்பதைவிடச் சத்தமாக இருக்கும். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மனசு உண்மையிலேயே பாரமாக இருந்தால் 14416-க்கு அழையுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை அது. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. கிண்ணம் நம்மைக் கேட்கவைக்கும், ஆனால் நாம் சொல்வதைக் கேட்க ஒரு மனுஷர் வேண்டும்.