சுகோய் வீட்டில் டைகர் மாத் இறங்குமா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் குட்டி விமானத்தில் ஏறி, பக்கத்து ஊர் ஓடுதளத்தில் இறங்கி, அங்கே நிற்கும் பழைய விமானங்களைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் வீடு திரும்பினால் எப்படி இருக்கும் குட்டீஸ்? இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இது பலருக்குப் பொழுதுபோக்கு. புல்தரையிலேயே இறங்குவார்கள். நம் தஞ்சாவூரில் இது நடக்குமா?

ஓடுதளத்துக்குப் பஞ்சமில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே தஞ்சையில் ஒன்று இருந்தது. 1942-ல் பிரிட்டிஷ் விமானப்படையின் வெல்லிங்டன் விமானங்கள் இங்கே வந்தன. கடலுக்கு மேலே பறந்து, எதிரி நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடுவது அவற்றின் வேலை. 1990-களின் தொடக்கத்தில் வாயுதூத் நிறுவனம் இங்கிருந்து சென்னைக்குச் சிறிய விமானம் ஓட்டியது. ஆள் சேரவில்லை, நிறுத்திவிட்டார்கள். ராத்திரி ரயில் ஏறினால் காலையில் சென்னை. அதற்கு எதற்கு விமானம் என்று நினைத்தார்களோ என்னவோ!

2013 மே 27-ல் இது இந்திய விமானப்படை நிலையமானது. 2020 ஜனவரியில் ‘டைகர்ஷார்க்ஸ்’ என்ற சுகோய்-30 அணி வந்து சேர்ந்தது. இந்த விமானம் பிரம்மோஸ் ஏவுகணையைச் சுமக்கும். அந்த ஏவுகணையின் எடை மட்டும் சுமார் இரண்டரை டன்.

இதை டைகர் மாத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள். 1931-ல் முதலில் பறந்த இந்தப் பயிற்சி விமானத்துக்கு இறக்கைகளில் மரச்சட்டமும் துணியும்தான். இரண்டு பேர் ஏறி, பெட்ரோலும் நிரப்பினால்கூட ஒரு டன் எடை வராது. மூன்று டைகர் மாத் சேர்ந்தால்தான் ஒரு பிரம்மோஸ்! நம் விமானப்படை டைகர் மாத்தைப் பழுதுபார்த்து 2012-ல் மறுபடி பறக்கவிட்டது. 2018-ல் பழைய டகோட்டா ஒன்றும் இங்கிலாந்திலிருந்து பறந்தே வந்தது. இவற்றைப் பார்க்க டில்லி பக்கத்திலுள்ள ஹிண்டன் வரை போகவேண்டும்.

ஆசைப்பட்ட நேரத்தில் சுகோய் பக்கத்தில் யாரும் குட்டி விமானத்தை இறக்க முடியாது. போர் விமானம் திடீரென்று கிளம்பவேண்டி வரும். அப்போது ஓடுதளத்தில் வேறு விமானம் நிற்கக்கூடாது. இந்த வானத்தில் பறக்கவே முன்கூட்டி அனுமதி எண் வாங்கவேண்டும். இந்தக் கட்டுப்பாடு நியாயமானதுதான்.

சரி, வேறு இடத்தில் புதிதாக ஓடுதளம் போடலாமே? போடலாம், ஆனால் அது யார் வயலில்? 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டமே வந்தது. வயல் நடுவே ஓடுதளம் இருந்தால் கொக்கும் நாரையும் கூட்டமாக வரும். அவை எஞ்சினில் சிக்கினால் ஆபத்து.

அதனால் பழைய தஞ்சை ஓடுதளத்தின் ஓரத்திலேயே பயணிகளுக்கு ஒரு கட்டடம் கட்டினால் போதும் என்பது என் எண்ணம். சிறு ஊர்களை விமானத்தால் இணைக்கும் மத்திய அரசின் ‘உடான்’ திட்டப் பட்டியலில் தஞ்சாவூரும் இடம்பெற்றது. டிக்கெட் விலையில் ஒரு பகுதியை அரசே ஏற்கும் திட்டம் இது. இதில் சேலத்துக்கு 2018-ல் விமானம் வந்தது, 2021-ல் நின்றது, 2023-ல் மறுபடி வந்தது. சலுகை இருந்தும் இவ்வளவு தடுமாற்றம்! தஞ்சையில் இந்த முறையாவது ஆள் சேருமா? வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்: சென்னை போக ரயிலா, விமானமா?