காட்சிக்குள் கலந்த பாட்டு
‘கால் மீ பை யுவர் நேம்’ படத்தை மறுபடி பார்த்தேன். அதில் வரும் திறந்தவெளி நடனத்தில் ஒலிக்கும் ‘லவ் மை வே’, சைக்கடெலிக் ஃபர்ஸ் குழுவின் 1982ஆம் ஆண்டு ஆல்பமான ‘ஃபாரெவர் நவ்’வில் வந்தது. கதை நடப்பது 1983இன் இத்தாலியக் கோடையில்; அன்றைய இளசுகள் ஆடியிருக்கக்கூடிய பாட்டுதான். படத்தின் இரு நாயகர்களில் ஆலிவர் தன்னை மறந்து ஆடுகிறான், அவனை விரும்பும் எலியோ தள்ளி உட்கார்ந்து பார்க்கிறான். பாட்டில் ஆல்பத்தின் தயாரிப்பாளர் டாட் ரண்ட்கிரன் வாசித்த மரிம்பா துள்ளுகிறது. பாடகர் ரிச்சர்ட் பட்லரின் கரகரத்த குரலிலோ தீராத ஏக்கம். துள்ளலும் ஏக்கமும்தான் எலியோவின் மனசு, வசனமே வேண்டியிருக்கவில்லை. பின்னால் பெர்காமோ நகரின் இரவில் அதே பாட்டு கேட்கும்போது நமக்கே நெஞ்சு அடைக்கிறது. பழைய பாட்டைப் படத்தில் வைப்பதென்றால் இப்படித்தான் வைக்க வேண்டும். படம் பிடித்துப்போனவர்கள் அந்த ஆல்பத்தையும் முழுசாகக் கேளுங்கள்.