புழு எதைத் தின்றது?

கோழித் தீவனத்தில் புழுக் கொழுப்பைச் சேர்க்கலாம் என்றதும் முகம் சுளிப்பவர்கள், நாட்டுக்கோழி முட்டைக்குக் கூடுதல் விலை கொடுக்கத் தயங்குவதில்லை. பழைய பானையில் கிழிந்த சாக்கும் காய்ந்த சாணமும் போட்டுத் தண்ணீர் தெளித்து, சாயங்காலம் புற்றோரம் கவிழ்த்து வைத்தால், விடிந்ததும் குஞ்சுகளுக்குக் கரையான் தயார். நம் புறக்கடைக் கோழி வளர்ப்பில் இது பழைய வழக்கம். ஆகவே அருவருப்பை ஒரு வாதமாகவே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கேட்க வேண்டியது வேறு: அந்தப் புழுவுக்கு எதைத் தீனியாகப் போடப்போகிறோம்?

கறிக்கோழி கடைசிக் கட்டத்தில் தின்னும் தீவனத்தில் கிலோவுக்கு ஏறக்குறைய 3,200 கிலோகலோரி இருக்க வேண்டும். மக்காச்சோளம் 3,300 அளவில் தரும்; கூடவே போடும் சோயா புண்ணாக்கு அந்த அளவைக் கீழே இழுத்துவிடும். அந்தக் குறையை அடைக்கத்தான் தீவன ஆலைகள் பாமாயிலோ தவிட்டெண்ணெயோ சேர்க்கின்றன. கோடையில் பல்லடம், உடுமலைப் பக்கம் கோழி தீனி எடுப்பதே குறைந்துவிடும்போது எண்ணெயின் அருமை இன்னும் தெரியும். தானியத்தைவிட அது செரிக்கையில் உடலில் எழும் சூடு குறைவு. ஆனால் பாமாயிலுக்கு நாம் இந்தோனேசியாவையும் மலேசியாவையும் நம்பியிருக்கிறோம். மக்காச்சோளத்துக்கோ எத்தனால் ஆலைகள் போட்டிக்கு வந்துவிட்டன. அதை ஏற்றுமதி செய்துவந்த நாடு 2024-ல் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் வாங்க வேண்டியதாயிற்று.

இந்த இடத்தில்தான் கருப்பு சிப்பாய் ஈ வருகிறது. வளர்ந்த ஈ இரை தேடி நம் சோற்றில் வந்து மொய்ப்பதில்லை. புழுப் பருவத்தில் சேர்த்துவைத்த கொழுப்பைக் கொண்டே பிழைக்கிறது. இரண்டு வாரத் தீனியில் கொழுத்துவிடும் புழுவைக் காயவைத்தால் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரைகூடக் கொழுப்பு கிடைக்கும். அதில் பெரும்பங்கு தேங்காய் எண்ணெயில் இருக்கும் அதே லாரிக் அமிலம். அழுகிய தக்காளியிலும் வாழைத்தோலிலும் அந்த அமிலம் இல்லாவிட்டாலும், புழு மாவுச்சத்திலிருந்தே அதை உண்டாக்கிக்கொள்கிறது. இத்தாலியின் தூரின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், சோயா எண்ணெய்க்குப் பதில் புழுக் கொழுப்பைப் பாதியளவும் முழு அளவும் தந்து பார்த்தார்கள். கறிக்கோழியின் வளர்ச்சி குறையவில்லை. ஆனால் இறைச்சியில் நிறைவுற்ற கொழுப்பு கூடியது. ஆகவே பாதி மாற்றுவதோடு நிற்பதே புத்திசாலித்தனம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2021-ல் பூச்சிப் புரதத்தைக் கோழிக்கும் பன்றிக்கும் அனுமதித்தது. ஆனால் உணவகக் கழிவு, சாணம் போன்றவற்றைப் பூச்சிக்குத் தரக் கூடாது என்ற தடை அங்கே உண்டு. விளைவு, கால்நடை நேரே தின்னக்கூடிய தவிட்டைப் புழுவுக்குப் போட்டு, பிறகு புழுவைக் கால்நடைக்குப் போடுகிறார்கள். இந்தச் சுற்று வழிக்கு ஆகும் செலவை யார் தருவது? பெரும் முதலீட்டோடு தொடங்கிய பிரான்ஸின் இன்செக்ட் நிறுவனம் 2024-ல் நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது.

நாம் அந்த வழியில் போகக் கூடாது. சேலம் சேகோ ஆலைத் திப்பிக்கு ஏற்கெனவே மாட்டுத் தீவனத்தில் இடம் உண்டு. அதைப் புழுவுக்குத் திருப்புவது வீண் வேலை. புழுவுக்குப் போக வேண்டியது கோயம்பேடு போன்ற சந்தைகளில் மலையாகக் குவியும் காய்கறி, பழக் கழிவு. கோழிக்கடைக் கழிவைப் புழு வழியாகக் கோழிக்கே ஊட்டுவதை மட்டும் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும்.

விலையும் இடிக்கிறது. பாமாயிலோடு நேரடிப் போட்டியில் புழு எண்ணெய் இப்போதைக்கு நிற்காது. ஆனால் குப்பையை அள்ளிக் கொண்டுபோய்க் கொட்ட உள்ளாட்சிகள் ஒப்பந்ததாரருக்கு டன்னுக்கு இவ்வளவு என்று பணம் தருகின்றன. கொட்டியதைக் கிளறிப் பிரிக்க பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் மறுபடி செலவாகிறது. அந்தக் கட்டணத்தைப் புழு வளர்ப்பவருக்குக் கொடுங்கள். மக்கும் குப்பையைத் தனியே பிரிக்கச் சொல்லி 2016-லேயே விதி வந்துவிட்டது. பிளாஸ்டிக் கலந்த குப்பையை வைத்துக்கொண்டு யாராலும் புழு வளர்க்க முடியாது.

தரக் கட்டுப்பாட்டை உற்பத்தி பெருகும் முன்பே வகுத்துவிட வேண்டும். காய்கறியோடு வரும் பூச்சிமருந்து கொழுப்பில் கரையக்கூடியதாக இருந்தால் எண்ணெயில் தங்கலாம்; காட்மியமோ பெரும்பாலும் எண்ணெய் பிழிந்த சக்கையில் சேரும். எண்ணெய்க்கு ஒரு சோதனை, சக்கைக்கு ஒரு சோதனை என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் தனித்தனி வரம்பு விதிக்கட்டும். நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சோதனைக்கு ஆலைகள் தொலைவில் அலைய வேண்டியதில்லை.