ஆண்டைத் திருத்தினார்கள்; அநீதியைத் திருத்தியது யார்?

2021 ஏப்ரலில் 'கர்ணன்' என்ற திரைப்படம் வெளியானது. மாரி செல்வராஜ் இயக்கிய இப்படத்தில் பொடியன்குளம் என்ற கிராமத்துக்குள் புகுந்து காவல்துறை ஆடும் வெறியாட்டம் காட்டப்படுகிறது. அது எந்த ஊரின் கதை என்று நெல்லைச் சீமையில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கொடியன்குளத்தின் கதை அது!

1995 ஜூலையில் வீரசிகாமணியில் பேருந்தில் தொடங்கிய தகராறு சாதிக் கலவரமாக மூண்டது. ஆகஸ்ட் 31 அன்று சுமார் 600 போலீசார் தாழ்த்தப்பட்ட மக்கள் வாழும் கொடியன்குளத்துக்குள் புகுந்தனர். கண்ணில் பட்டவர்களை அடித்தனர். வீட்டுச் சாமான்களை நொறுக்கினர், தானியங்களைப் பாழாக்கினர், பாஸ்போர்ட்டுகளையும் சான்றிதழ்களையும் அழித்தனர். கலவரத்தை அடக்க வந்தவர்களுக்கு பாஸ்போர்ட்டில் என்ன வேலை? வளைகுடா நாடுகளில் வியர்வை சிந்தி, யார் தயவுமின்றித் தலைநிமிர்ந்த ஊர் அது. அந்தத் தலைநிமிர்வின் மீதுதான் அடி விழுந்தது. அரசு அறிவித்த நிவாரணத்தை வாங்க மறுத்து, அம்மக்கள் தங்கள் மானத்தைக் காத்துக்கொண்டனர்.

படத்தில் சம்பவம் 1997இல் நடந்ததாகக் காட்டப்பட்டிருந்தது. உடனே சர்ச்சை எழுந்தது. 1995இல் அ.தி.மு.க. ஆட்சி, 1997இல் தி.மு.க. ஆட்சி என்று சுட்டிக்காட்டப்பட்டது. சில நாட்களிலேயே '90களின் பிற்பகுதி' என்று படத்தில் மாற்றினார்கள். வரலாறு திரிக்கப்படக் கூடாது என்பது சரியே. ஆனால் கட்சியின் பெயருக்குக் களங்கம் என்றதும் காட்டப்பட்ட இந்த வேகம், அடிபட்ட மக்களின் நீதிக்காக எப்போதாவது காட்டப்பட்டதா?

1997 நவம்பர் இறுதியில் கோவையில் ஒரு போக்குவரத்துக் காவலர் கொல்லப்பட்டார். அந்தக் கொலை குற்றமே. அதற்காக, அதில் தொடர்பே இல்லாத முஸ்லிம்கள் 18 பேர் துப்பாக்கிச் சூட்டிலும் கலவரத்திலும் பலியானார்கள். 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளருக்காக நெல்லையில் ஊர்வலம் போனவர்களில் 17 பேர் இறந்தனர். பெரும்பாலோர் ஆற்றில் மூழ்கி இறந்ததாக விசாரணை ஆணையம் சொன்னது. அவர்களை ஆற்றுக்குள் விரட்டிய தடி யாருடையது? பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடல் சேரும் தாமிரபரணி அந்த உயிர்களுக்குச் சாட்சி. 2018 மே 22 அன்று தூத்துக்குடித் துப்பாக்கிச் சூடு, 13 உயிர்கள். ஆட்சிகள் மாறின, தடியும் துப்பாக்கியும் மாறவில்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1967இல் டெட்ராய்ட் இனக்கலவரத்தின்போது விடுதி ஒன்றில் மூன்று கறுப்பின இளைஞர்கள் கொல்லப்பட்டனர். வழக்கை எதிர்கொண்ட காவலர் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. 50 ஆண்டுகள் கழித்து அதுவும் படமானது. திரையில் கண்ணீர் கிடைத்தது, நீதி கிடைக்கவில்லை.

தூத்துக்குடி குறித்து விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையம் 17 காவல்துறையினர் மீது நடவடிக்கை கோரியது. அந்த அறிக்கை 2022இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அறிக்கை அலமாரிக்கு அல்ல, நடவடிக்கைக்கு! பரிந்துரை செய்த நடவடிக்கையை எந்தத் தேதிக்குள் எடுப்போம் என்று அரசு சட்டமன்றத்திலேயே அறிவிக்கும் முறை வர வேண்டும்.

சமுதாயத்துக்கும் ஒரு வார்த்தை. கோவைக்கு நாம் அழுதோம், கொடியன்குளத்துக்கு அவர்கள் அழுதார்கள், தூத்துக்குடிக்கு மீனவர்கள் அழுதார்கள். தனித்தனியாக அழும்வரை எந்த ஆட்சிக்கும் நம் கண்ணீர் சுடாது. அநீதிக்கு ஆளானவன் யாராயினும் அவனுக்காகச் சாட்சி சொல்ல முன்வருவோம். நமக்கென்று ஒருநாள் வந்தால், அன்று நமக்காகவும் சாட்சி சொல்ல ஆளிருக்கும்.