நகலும் தளையும்

யாப்புப் பயின்றார் அனைவர்க்கும் ஓர் உண்மை தெரியும். ஒவ்வொரு சீரும் தன்னளவிற் குற்றமற்றிருப்பினும், நின்ற சீரும் வருஞ்சீரும் பொருந்தாவிடின் தளை தட்டும். தளை தட்டவே வெண்பா கெடும். சீரைத் தனியே எடுத்துப் பார்ப்பவன் பிழையைக் காணமாட்டான். சீரும் சீரும் கூடுமிடத்திலேயே அது மறைந்து கிடக்கின்றது. கணினியில் யந்திர உறுப்புக்களின் படம் வரையும் நம் மாணவர், ஓரிடத்து வரைந்த உருவை நகலெடுத்துப் பிறிதோரிடத்து ஒட்டும்பொழுது செய்யும் பிழையும் இத்தகையதே. அதனைக் குறித்துச் சில கூற விரும்புகின்றோம்.

சில திங்களுக்கு முன் மாணவர் இருவர் சிறியதோர் உருளை யந்திரம் செய்யத் தொடங்கினர். அதற்கு 300 மி.மீ. நீளமும் 150 மி.மீ. அகலமும் உள்ள இரு பக்கத் தகடுகள் வேண்டியிருந்தன. இரண்டையும் ஊடுருவி 8 மி.மீ. விட்டமுள்ள ஷாஃப்ட் ஒன்று சுழலவேண்டும். அதனைத் தாங்க இருபுறமும் 608 என்னும் எண்ணுள்ள பேரிங். அதன் வெளிவிட்டம் 22 மி.மீ. இடத் தகட்டிற் பேரிங் துளையையும், அதனைச் சூழ மூன்று திருகுத் துளைகளையும் மிக்க கவனத்துடன் வரைந்தனர். வலத் தகட்டிற்கோ அவ்வுருவை அப்படியே நகலெடுத்து ஒட்டி, மவுஸால் இழுத்துக் கண்ணுக்குச் சரியெனத் தோன்றிய இடத்தில் விட்டனர். பட்டறையிலிருந்து தகடுகள் வெட்டுண்டு வந்தன. 100 மி.மீ. இடைவெளியில் நிறுத்திப் பூட்டியபோது ஷாஃப்ட் இறுகி நின்றது. அளந்து பார்த்தால் துளையின் விட்டம் சரி. திருகுத் துளைகளின் இடைவெளியும் சரி. முழு உருவுமே 0.6 மி.மீ. மேலேறியிருந்தது! அவ்விடைவெளிக்கு அஃது ஏறக்குறைய 20 கலைச் சாய்வு, அதாவது பாகையில் மூன்றிலொரு பங்கு. இத்தகைய பேரிங் பொறுப்பதோ பத்துக் கலைக்கு மேற்படாது. தகட்டின் விலையும் மூன்று நாள் உழைப்பும் வீணாயின. அவர்களைக் குறைகூற எமக்கு மனமில்லை. யாமும் அங்ஙனம் கெடுத்தே கற்றோம்.

கண்ணை நம்பியதால் வந்த கேடு இது. 300 மி.மீ. தகடு திரையில் 1,500 புள்ளிகளாகத் தோன்றுமாயின், ஒரு புள்ளிக்கு 0.2 மி.மீ. ஆகும். மூன்று புள்ளி பிசகினால் 0.6 மி.மீ. பிசகிவிடும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பிசகு குறையுமேயன்றி ஒழியாது. திரை, பார்வையாளருக்குக் காட்டும் நிழல். வெட்டும் யந்திரமோ உள்ளே பதிந்துள்ள எண்களையே படிக்கின்றது.

இனி, நகலெடுத்த உருவின் இயல்பை ஆராய்வோம். ஒரு தளத்தில் இட்ட உருவிற்கு மூன்று உரிமைகள் உள்ளன: இடவலமாக நகரலாம், மேல்கீழாக நகரலாம், நின்றவிடத்திற் சுழலலாம். அதிலுள்ள புள்ளியொன்றை நிலையான புள்ளியொன்றோடு பிணித்தால் முதலிரண்டும் நீங்கும். கோடொன்றின் திசையைக் கட்டினால் மூன்றாவதும் நீங்கும். நம்மவரிற் பலர் புள்ளியைப் பிணித்துத் திசையை மறந்துவிடுகின்றனர். அரைப் பாகை சுழன்ற உருவில், பிணித்த புள்ளியிலிருந்து 200 மி.மீ. தொலைவிலுள்ள துளை ஏறக்குறைய 1.7 மி.மீ. விலகிவிடும். மேலும் ஒன்று: உருவினுட் கோடுகளுக்கிடையே உள்ள தளைகள் நகலோடு கூட வரும், பழைய இடத்திலிருந்த ஓரங்களோடும் மையங்களோடும் கொண்ட தளைகள் பெரும்பாலும் வாரா. ஆகவே நகல் தன்னுள் ஒழுங்குடையதாகவும், வந்தவிடத்தில் உறவற்றதாகவும் நிற்கின்றது. உள்ளொழுங்கைக் கண்டு மாணவன் மயங்குகின்றான்.

இப்பிழைக்கு மருந்து யாது? முதலாவது, நகலெடுக்குமுன்னரே அடிப்புள்ளியைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆட்டோகேடில் வழக்கமான முறையில் நகலெடுத்தால், உருவைச் சுற்றிக் கற்பனையாக அமையும் பெட்டியின் இடக்கீழ் மூலையே பிடியாகும். வட்டங்களாலாகிய உருவிற்கு அம்மூலையிற் கோடும் இராது, புள்ளியும் இராது. வெற்றிடத்தைப் பிடித்துக்கொண்டு யாது செய்வது? இதற்கென்றே ‘காப்பி பேஸ்’ என்னும் கட்டளை அதில் உண்டு. அதனைக்கொண்டு பேரிங் துளையின் மையத்தையே பிடியாகக் கொள்ளலாம். பட்டறையில் எந்த இடத்திலிருந்து அளக்கப்போகின்றோமோ அவ்விடத்தோடு தொடர்புடைய புள்ளியே சிறந்த பிடி.

இரண்டாவது, இறக்குமிடத்தில் ‘ஸ்நாப்’ என்னும் வசதியால் உரிய புள்ளியைப் பற்றவேண்டும். ஆனால் ஸ்நாப் அந்நேரத்தில் மட்டுமே உருவைச் சரியாக வைக்கும்; பின்னர்க் காவாது. காப்பது ‘கன்ஸ்ட்ரெயின்ட்’ என்னும் தளையே. எண்களைக்கொண்டு இடம் குறித்தால் போதாதோ என்பாரும் உளர். 150 மி.மீ. அகலத் தகட்டின் நடுவில் துளை வேண்டுமெனக் கொள்வோம். 75 என்று எழுதினால் இன்று சரி. நாளை அகலம் 160 ஆனால் நடு 80 ஆகும். எழுதிய 75 அதனை அறியாது. இரு ஓரங்களுக்கும் சமதூரம் என்னும் தளையை இட்டிருந்தால் துளை தானே நகர்ந்து நடுவில் நிற்கும். எண் இடத்தைச் சொல்லும். தளையோ நம் கருத்தையே சொல்லும்.

இது புதிய கருத்தன்று. 1963-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாந்து என்னும் ஆராய்ச்சி மாணவர் ‘ஸ்கெட்ச்பேட்’ என்னும் நிரலைத் தம் ஆய்வேட்டிற் படைத்தளித்தார். டிஎக்ஸ்-2 என்னும் கணினியின் திரையில் ஒளிப்பேனாவால் வரைந்த அந்நாளிலேயே, கோடுகளை இணையாக்கவும் செங்குத்தாக்கவும் தளைகள் அதில் இருந்தன. மூலப்படம் ஒன்றிலிருந்து பல நகல்களை இடவும், மூலத்தை மாற்றினால் நகல்கள் அனைத்தும் உடன் மாறவும் அதில் வழியிருந்தது. நகலையும் தளையையும் ஒருங்கே கருதித் தோன்றிய கலையில், நகலை மட்டும் எடுத்துக்கொண்டு தளையைக் கைவிடுதல் முறையோ?

இங்கே ஒரு தடை எழும். நகலெடுப்பதே தவறு, மூலத்தோடு பிணைத்தே எப்பொழுதும் வரையவேண்டும் என்பார் சிலர். யாம் அத்துணைத் தூரம் செல்லோம். ‘இவ்விரண்டும் என்றும் ஒருங்கே மாறவேண்டியனவா?’ என்னும் வினாவை முதலில் எழுப்புக. ஒரே ஷாஃப்டைத் தாங்கும் இரு துளைகள் ஒருங்கே மாறவேண்டியன. அவற்றை மூலத்தோடு பிணைத்தலே நன்று. ஒரே அளவுள்ள திருகுத் துளைகள் இருவேறு யந்திரங்களுக்கு உரியனவாயின், ஒன்றன் மாற்றம் மற்றதைக் கெடுத்தலாகாது. ஆண்டுத் தனி நகலே தக்கது. எனினும் தனி நகலும் தான் புகுந்த இடத்திற்குரிய தளைகளைப் பெற்றே தீரவேண்டும்.

நிறைவாக, எம் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். மாணவரின் படத்தைத் தாளில் அச்சிட்டு, அழகு கண்டு மதிப்பெண் இடும் வழக்கம் இன்னும் பலவிடத்தும் உள்ளது. அச்சிட்ட தாளில், தளையுற்ற படமும் தளையற்ற படமும் ஒன்றுபோலவே தோன்றும். ஆகையால் கண்ணால் வைத்தவனும் கருத்தால் வைத்தவனும் ஒரே மதிப்பெண் பெறுகின்றனர். முன்னவன் தன் குறையைப் பட்டறையிலன்றி அறியான். இதனை மாற்றுதற்குப் பொருட்செலவு வேண்டுவதில்லை. தேர்வாளர் கணினியின் முன் அமர்ந்து, உருவை ஒருமுறை மவுஸால் இழுத்துப் பார்க்கட்டும். அது நகருமாயின் தளை குறைவு. பின் தகட்டின் அளவொன்றை மாற்றிப் பார்க்கட்டும். துளைகள் உரியவிடத்தில் நிற்குமாயின் மாணவன் தேறினான். நிரல்களும் இதற்குத் துணைசெய்கின்றன: சாலிட்வொர்க்ஸில் முற்றும் தளையுறாத கோடுகள் நீலமாகவும் தளையுற்றவை கருமையாகவும் தோன்றுவதே வழக்கம், ஃப்ரீகேட் எஞ்சியுள்ள உரிமைகளை எண்ணியே சொல்லிவிடும்.

மாணவ நண்பர்களே! நகலெடுத்தல் இழிவன்று, உழைப்பை மிச்சப்படுத்தும் நல்ல உபாயமே. ஆயினும் ஒட்டியதும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். எப்புள்ளியைப் பிடித்தேன், எதனோடு பிணித்தேன், எத்திசையைக் கட்டினேன் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கூறியபின் கோப்பைப் பட்டறைக்கு அனுப்புங்கள். வெண்பா எழுதியவன் தளை பார்த்த பின்னரே அதனை அவைக்குக் கொண்டுசெல்கின்றான். தகட்டை வெட்டுவிப்போனுக்கு அத்துணைப் பொறுமையேனும் வேண்டாமோ?