தறி வீட்டுப் பிள்ளையும் குடும்ப சிகிச்சையும்

திருவண்ணாமலை மாவட்டத்துச் சேத்துப்பட்டில் பட்டு நெய்யும் வீடு வாசஸ்தலமும் தொழிற்கூடமும் ஒன்றேயானது. தந்தை குழித்தறியில் அமர்ந்து நாடா எறிய, தாய் ஊடைக்குத் தார் சுற்ற, பாட்டி அடுப்பையும் பேரனையும் ஏககாலத்தில் பார்த்துக்கொள்ளும் அவ்வீட்டில், ஓரிடத்தில் நிலைகொள்ளாத ஏழு வயதுப் பிள்ளை பாவில் கை வைத்து நாலு இழையை அறுத்துவிட்டால், முதுகில் அடியும் ‘அடங்காப்பிடாரி’ என்ற பட்டமும்தான் அதற்குக் கிடைக்கும்.

கவனக்குறைவும் மிகையியக்கமும் கூடிய இந்நிலையை, அறிவில் குறையற்ற பிள்ளைகளிடத்தும் காணலாமென்று ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை வைத்தியர் 1902-லேயே லண்டனில் உரைத்தார். இது பெரும்பாலும் பிறவியோடு வருவது; தாயின் வளர்ப்பு இதற்குக் காரணமன்று. அப்படியானால் குடும்பத்துக்கு எதற்குச் சிகிச்சை என்று கேட்கலாம். வியாதியின் மூலம் வீட்டில் இல்லாவிட்டாலும் அது தணிவதும் முற்றுவதும் வீட்டில்தான் நிகழ்கின்றன. தந்தை அடிக்க, பாட்டி அணைக்க, தாய் இருவருக்கும் நடுவே தவிக்க, ஒரே குற்றத்துக்கு மூன்று தீர்ப்புகளைக் காணும் பிள்ளை எந்த நியமத்தைத்தான் கற்கும்? ஒரு வேளைக்கு ஒரே கட்டளை, செய்தவுடன் பாராட்டு, மூவரும் இசைந்த ஒரே விதி என்று பெரியவர்களைப் பழக்குவதே இச்சிகிச்சையின் சாரம். பெரிய பிள்ளைகளுக்கு மருந்தும் வேண்டியிருக்கலாம். ஆறு வயதுக்குட்பட்டோர்க்கு முதலில் பெற்றோர்க்கான பயிற்சியே என்பது அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கத்தின் வழிகாட்டுதல்.

குடும்பத்தைச் சிகிச்சையில் சேர்ப்பது நமக்குப் புதிதன்று. அமிர்தசரஸில் மனநல வைத்தியர் டாக்டர் வித்யா சாகர் 1950-களிலேயே நோயாளியின் உறவினரை ஆஸ்பத்திரி வளாகத்தில் கூடாரமிட்டுத் தங்கவைத்தார். வேலூர் பாகாயத்தில் 1957-இல் தோன்றிய மனநல மையமும் உறவினர் உடனிருப்பதையே நெறியாகக் கொண்டது. ஆனால் கூலிக்கு நெய்பவன் வாரக்கணக்கில் வெளியூரில் தங்கினால் தறி நிற்கும். தறி நின்றால் உலையும் கொதிக்காது. அரசின் பக்கம் பார்த்தால், 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் பரிசோதனைப் பட்டியலில் இக்கோளாறும் உண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிக்கும் 21 வகைகளிலோ இதற்குத் தனிப் பெயரில்லை. இந்த இடைவெளியை நான் சிறிதென்று கருதமாட்டேன்.

நெய்பவன் தறியை விட்டு வர முடியாது; ஆகவே பெரியவர்களைப் பழக்கும் பயிற்றுநர்தாம் ஊருக்கு வரவேண்டும். பழைய பாவு முடிந்து புதுப் பாவு பிணைத்து முடியும்வரை நாடா ஓடாத அந்த ஓரிரு நாளில் வந்தால், தந்தை, தாய், பாட்டி மூவரையும் பிள்ளையோடு ஒரே கூடத்தில் உட்காரவைத்துப் பேசலாம்.