டயரில் எழுதிய எண் வரம்பு, கட்டளை அன்று!



சென்ற சனிக்கிழமை டோபி காட் ரயில் நிலையத்தில் ஒரு பாதையிலிருந்து இன்னொரு பாதைக்கு மாறுவதற்காக நடந்துகொண்டிருந்தேன். எதிரே என் மாணவன் ஒருவன் தன் தந்தையுடன் வந்தான். தொடக்கநிலை நான்கில் படிப்பவன். வலக்கையில் முழங்கை முதல் மணிக்கட்டு வரை கட்டு.

"என்ன தம்பி இது?" என்றேன்.

"சைக்கிள், ஆசிரியர். செஸ்நட் பூங்காவில் விழுந்துவிட்டேன்."

தந்தை குற்றவுணர்வோடு பேசத் தொடங்கினார். "பாத்துப் பாத்துத்தான் சார் கூட்டிட்டுப் போனேன். தலைக்கவசம், முழங்கால் காப்பு எல்லாம் போட்டுத்தான் ஓட்டினான். கிளம்புறதுக்கு முன்னாடி ரெண்டு சக்கரத்துக்கும் நானே காத்தடிச்சேன். கல்லு மாதிரி இருந்துச்சு. அப்படியிருந்தும் எப்படி வழுக்கிச்சுன்னே தெரியல."

"எவ்வளவு அடித்தீர்கள்?"

"டயர்லயே எழுதியிருக்கே சார். அறுபத்தஞ்சு."

அவரைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. மகனுடன் காட்டுப் பாதைக்குச் செல்ல நேரம் ஒதுக்கும் தந்தையர் எத்தனை பேர்? அவர் பாராட்டுக்கு உரியவர். ஆனால் அவர் சொன்ன ஒரு சொல்லை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள இயலவில்லை. "அப்படியிருந்தும்" வழுக்கியது என்றார். "அதனாலேயே" வழுக்கியிருக்கக்கூடும் என்பதுதான் என் பதில்.

ஒரு மூடநம்பிக்கை

நம்மிடையே ஒரு மூடநம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. டயர் எவ்வளவு கடினமாக இருக்கிறதோ அவ்வளவு பாதுகாப்பு என்பதே அது. கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறோம். அமுங்கவில்லை என்றால் மனநிறைவு கொள்கிறோம். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் மிக உயர்ந்த எண்ணை, தயாரிப்பாளர் நமக்குத் தந்த அறிவுரை என்று எண்ணிக்கொள்கிறோம்.

அது அறிவுரை அன்று; எல்லை. 'இதற்கு மேல் காற்றடிக்காதே' என்பதே அதன் பொருள். மின்தூக்கியில் 'பதின்மூன்று பேர்' என்று எழுதியிருந்தால், பதின்மூன்று பேர் சேரும்வரை நாம் காத்திருக்கிறோமா? காய்ச்சல் மருந்து கொடுக்கும்போது குழந்தையின் எடை எவ்வளவு என்று கேட்டு மில்லிலிட்டர் கணக்கில் அளந்து கொடுக்கிறோம். அதே குழந்தையின் சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது மட்டும் எடையை மறந்துவிடுவது ஏன்?

'அழுத்தம்' என்ற சொல்லைக் கண்டதும், தமிழாசிரியர் வழக்கம்போல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வுக்குத் தாவிவிடுவார் என்று சிலர் எதிர்பார்த்திருப்பீர்கள். தாவப் போவதில்லை. டயரைப் பற்றியே பேசுகிறேன். பிள்ளையின் கை எலும்பு உவமை அன்று.

ஒரு வெள்ளி நாணயக் கணக்கு

உயர்நிலைப் பள்ளியில் நாம் எல்லாரும் படித்ததுதான்: விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம். தேர்வுத்தாளில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவர்களும் வீட்டில் பம்ப்பைக் கையில் எடுக்கும்போது அதை நினைப்பதில்லை.

சிறுவன் 32 கிலோ, அவன் சைக்கிள் 12 கிலோ என்று கொள்வோம். மொத்தம் 44 கிலோ. பின்சக்கரத்தின் மீது பாதிக்குச் சற்று அதிகமாக, ஏறக்குறைய 25 கிலோ இறங்கும். 65 பிஎஸ்ஐ என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ நான்கரைக் கிலோ. வகுத்துப் பாருங்கள். டயர் தரையைத் தொடும் பரப்பு ஐந்தரைச் சதுர சென்டிமீட்டர். நம் ஒரு வெள்ளி நாணயத்தைவிடச் சற்றே பெரியது. ஈரமான மரவேரின் மீது உங்கள் பிள்ளை அவ்வளவு சிறிய ரப்பரை நம்பிப் போகிறான்!

அதே டயரில் 22 பிஎஸ்ஐ வையுங்கள். பரப்பு பதினாறு சதுர சென்டிமீட்டராகிறது. மூன்று மடங்கு. டயரின் சுவரும் சிறிது எடையைத் தாங்குவதால் இது தோராயக் கணக்குதான். ஆயினும் அது காட்டும் திசையில் ஐயமில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். தந்தையின் எடையும் அவர் வண்டியின் எடையும் சேர்ந்து 88 கிலோ என்றால், பின்சக்கரத்தில் 50 கிலோ இறங்கும். இருவர் டயரிலும் ஒரே அழுத்தம் இருந்தால், மகனுக்குக் கிடைக்கும் தொடுபரப்பு தந்தைக்குக் கிடைப்பதில் பாதிதான். "என் வண்டிக்கு அடித்த அதே அளவைத்தானே அவனுக்கும் அடித்தேன்" என்பது நியாயம்போல் ஒலிக்கும் அநியாயம்.

பரப்பு மட்டுமே செய்தி அன்று. காட்டுப் பாதையில் டயருக்கு முதல் வேலை, தரையின் மேடுபள்ளத்துக்கேற்ப நெகிழ்ந்து கொடுப்பது. வேரைக் கண்டால் அதைச் சுற்றி அமுங்க வேண்டும். கல்லைக் கண்டால் அதை உள்வாங்கிக் கடக்க வேண்டும். கல்லாகிப்போன டயர் வேரில் மோதித் துள்ளும். துள்ளும் கணத்தில் சக்கரம் தரையில் இல்லை. தரையில் இல்லாத சக்கரத்துக்குப் பிரேக்கும் இல்லை, திருப்பமும் இல்லை.

நான் செய்த பிழை

ஊருக்கு உபதேசம் செய்யும் நானும் இதே பிழையைச் செய்தவன்தான். பல ஆண்டுகளுக்கு முன் என் மகனைப் புலாவ் உபினுக்கு அழைத்துச் சென்றேன். 2008-இல் திறக்கப்பட்ட கெத்தாம் மலைச்சைக்கிள் பூங்காவைப் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. தீவில் ஒரு கடையில் இரண்டு சைக்கிள்களை வாடகைக்கு எடுத்தேன். டயர்கள் ஏற்கெனவே இறுகித்தான் இருந்தன. நானோ, "இன்னும் கொஞ்சம் காற்று அடியுங்கள்" என்று கேட்டு வாங்கினேன்!

உபின் கருங்கல் வெட்டிய தீவு. உதிரிச் சரளை நிறைந்த ஓர் இறக்கத்தில் அவன் சைக்கிள் பின்புறமாக விலகி விலகி ஓடியது. அவன் விழவில்லை. இறங்கி நின்றுவிட்டான். "எனக்குச் சைக்கிள் ஓட்ட வராது அப்பா" என்றான். நானும், "பயப்படாதே, தைரியமாக ஓட்டு" என்று ஊக்கமூட்டினேன். கோளாறு சக்கரத்தில், நான் மருந்து கொடுத்ததோ மனத்துக்கு. அதன்பின் அவன் காட்டுப் பாதைப் பக்கமே வரவில்லை. அந்தக் கடைக்காரரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். நூறு பேர் நூறு எடையில் வந்து ஏறும் வண்டி அது. என் மகனின் எடை எனக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்?

காற்று எதற்காக வந்தது?

காற்றடைத்த டயருக்கு 1845-லேயே ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் காப்புரிமை பெற்றார். ஆனால் அது புழக்கத்தில் நிலைக்கவில்லை. பின்னர் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், தம் சிறுவயது மகனின் மூன்று சக்கர வண்டி கரடுமுரடான தெருவில் அதிராமல் ஓட வேண்டும் என்று ரப்பர்க் குழாயில் காற்றடைத்துப் பொருத்தினார். 1888-இல் காப்புரிமையும் பெற்றார். எண்ணிப் பாருங்கள்: ஒரு தந்தை, ஒரு பிள்ளை, ஒரு கரடுமுரடான பாதை. கட்டி ரப்பரின் கடினத்தைப் போக்குவதற்காகவே காற்று உள்ளே வந்தது. நாம் அந்தக் காற்றையே திணித்துத் திணித்து, டயரை மீண்டும் கட்டி ரப்பராக்கிக்கொண்டிருக்கிறோம்.

அதே 1888-இல்தான் ரிட்லி நம் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்றார். ரப்பர் மரத்தைச் சேதப்படுத்தாமல் பால் வெட்டும் முறையைப் பரப்பியவர் அவர். பின்னர் மலாயாத் தோட்டங்களில் இருள் பிரியுமுன் எழுந்து அந்தப் பாலை வெட்டியவர்களில் பெரும்பகுதியினர் நம் தமிழர்கள். உலகத்தின் டயர்களுக்கு ரப்பர் தந்த கூட்டத்தின் பேரப்பிள்ளைகள், ஒரு டயருக்கு எவ்வளவு காற்று என்று அறியாமல் விழுந்து எழலாமா?

மறுப்புரைகளும் விடைகளும்

"காற்றுக் குறைந்தால் மிதிக்கக் கடினமாக இருக்குமே?" என்பார்கள். வழவழப்பான தார்ச்சாலையில் அது உண்மை. காட்டுப் பாதையில் உண்மையன்று. ஒவ்வொரு கல்லிலும் துள்ளும்போது வண்டியையும் உடலையும் மேலே தூக்குவதற்கு உழைப்பு செலவாகிறது. முன்னே செல்வதற்கு மிஞ்சுவது குறைகிறது. வீட்டிலிருந்து பூங்காவரை தார்ச்சாலையில் ஓட்டிச் செல்பவர்கள் சிறு பம்ப் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். பூங்கா வாயிலில் குறையுங்கள், திரும்பும்போது ஏற்றுங்கள்.

"பஞ்சராகிவிடுமே?" இந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. அளவுக்கு மீறிக் குறைத்தால், கல்லில் மோதும்போது டியூப் விளிம்புக்கும் கல்லுக்கும் இடையே நசுங்கிப் பாம்பு கடித்ததுபோல் இரண்டு துளைகள் விழும். விளிம்பும் நெளியலாம், திருப்பத்தில் டயர் குழையும். ஆகவே குறைத்துக்கொண்டே போங்கள் என்று நான் சொல்லவில்லை. அளந்து குறையுங்கள் என்கிறேன்.

செய்ய வேண்டியவை

1. காற்றழுத்தமானி ஒன்று வாங்குங்கள். வண்டிக்குச் செலவிட்டதில் மிகச் சிறு பகுதிதான் ஆகும். ஒன்றுக்கொன்று வேறுபடலாம் என்பதால் எப்போதும் ஒரே மானியைப் பயன்படுத்துங்கள். கட்டைவிரல் மானி அன்று.

2. ஏறத்தாழ இரண்டு அங்குல அகலமும் உள்ளே டியூபும் உள்ள மலைச்சைக்கிள் டயருக்கு, 30 கிலோப் பிள்ளைக்கு 20 முதல் 24, 50 கிலோ இளையருக்கு 24 முதல் 28, 75 கிலோப் பெரியவருக்கு 28 முதல் 33 பிஎஸ்ஐ என்று தொடங்கலாம். இவை தொடக்க எண்களே. முடிந்த முடிபுகள் அல்ல.

3. டயரில் குறைந்தபட்ச அளவும் அச்சிடப்பட்டிருந்தால் அதற்குக் கீழே இறங்காதீர்கள். அந்த அளவே 35 என்றிருந்தால் 35-இல் தொடங்குங்கள். அடுத்த முறை, குறைந்த அழுத்தத்தை ஏற்கும் அகலமான டயரைக் கேட்டு வாங்குங்கள்.

4. முன்சக்கரத்தில் எடை குறைவு. எனவே பின்சக்கரத்தைவிட இரண்டு மூன்று அளவு குறைத்து வையுங்கள்.

5. ஒரே சிறு பகுதியை மீண்டும் மீண்டும் ஓட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு அளவு குறையுங்கள். விளிம்பு 'டக்' என்று அடிபட்டாலோ டயர் குழைந்தாலோ இரண்டு அளவு ஏற்றுங்கள். அதுவே அவனுக்கு உரிய அளவு. குறிப்பேட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

6. டியூபிலிருந்து காற்று தானே கசியும். பிள்ளையும் வளர்வான். ஆகவே ஒவ்வொரு முறை புறப்படும் முன்பும் அளக்க வேண்டும். எடை கூடும்போது கணக்கையும் திருத்த வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல்

பள்ளி விடுமுறையில் மாணவர்களைச் சைக்கிள் பயணத்துக்கு அழைத்துச் செல்லும் நண்பர்களே! பெற்றோர் ஒப்புதல் கடிதம் இருக்கிறதா என்று பார்க்கிறோம். தலைக்கவசம், தண்ணீர்ப் புட்டி, முதலுதவிப் பெட்டி எல்லாவற்றையும் சரிபார்க்கிறோம். டயர்க் காற்று நம் பட்டியலில் இருக்கிறதா? ஆசிரியர் பயிற்சியின்போது நமக்குச் சொல்லித்தந்தது என்ன? மாணவனின் நிலையறிந்து கற்பி என்பதுதானே? வகுப்பறையில் அதை ஓதிவிட்டு, வெளியே நாற்பது சைக்கிளுக்கும் ஒரே அளவு காற்றடிப்பது எந்த நியாயம்?

டோபி காட் என்ற பெயரே சலவைத் தொழிலாளர்களின் படித்துறையைக் குறிப்பது. அந்த ஓடைக்கரையில் துணி வெளுத்த நம் முன்னோர் பள்ளி சென்று அழுத்தத்தின் இலக்கணம் படித்தவர்கள் அல்லர். ஆயினும், பட்டுக்கும் முரட்டுத் துணிக்கும் ஒரே அடி போடுபவர் அந்தத் தொழிலில் நீடித்திருக்க முடியாது.

அன்று அதே நிலையத்தில் ஓர் ஓரமாக நின்று, ஒரு ரசீதின் பின்புறத்தில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். தந்தை மௌனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பையன்தான் முதலில் பேசினான்.

"அப்படியென்றால், எனக்கு அப்பாவைவிடக் குறைவாகத்தான் அடிக்க வேண்டுமா, ஆசிரியர்?"

"ஆமாம். அதை அளப்பதும் நீயாகவே இருக்க வேண்டும்" என்றேன்.

கட்டு அவிழ இன்னும் சில வாரம் ஆகுமாம். அவன் மீண்டும் சைக்கிளில் ஏற வேண்டும். என் மகனைப்போல் இறங்கி நின்றுவிடக் கூடாது. பெற்றோர்களே, இன்றே உங்கள் வீட்டுச் சைக்கிளின் டயரை அளந்து பாருங்கள்.

அன்புடன்,
ஒரு தமிழாசிரியன்